குட்டி யானையில் வந்த ஆஸ்கர்

பொட்டி தட்டுற பயலுக்கு மீன் வளர்க்குற ஆசை வந்தா என்ன ஆகும்? 4 அடி நீளம், ஒண்ணரை அடி அகலம், ஒண்ணரை அடி உயரத்துல பழைய தொட்டி ஒண்ணு சென்னை கொளத்தூர்ல சும்மாவே கிடைக்குதுன்னு நண்பன் சொன்ன வெள்ளிக்கிழமை ராத்திரியே பெங்களூர்லேர்ந்து பஸ் ஏறிட்டேன்.

சும்மாதான், ஆனா ஒரு நிபந்தனை. அதுல இருக்கிற ஆஸ்கர் மீனையும் கூட்டிட்டுப் போகணும். கொடுத்தவர் ரிடையர் ஆனவர். மகள் வீட்டுக்குக் குடி போறார், அங்க தொட்டிக்கு இடமில்லை. 9 வருஷமா அவர் கையால தின்ன மீன். "ரெண்டு நாளா சாப்பாடு போடலை தம்பி. வயிறு காலியா இருந்தாத்தான் வழியில தண்ணி கெடாது"ன்னார். குரல் ஒரு மாதிரி இருந்துச்சு.

சாயங்காலம் குட்டி யானை வந்துச்சு. டிரைவர் அண்ணன் தொட்டியை எட்டிப் பார்த்துட்டு, "கல்லு உள்ளயே இருக்கட்டும் சார், வெயிட் இருந்தா ஆடாது"ன்னார். எனக்கும் சரின்னுதான் பட்டுச்சு. (மெக்கானிக்கல் படிச்சுட்டு கோடு எழுதுறவன்கிட்ட வேற என்ன எதிர்பார்க்கிறீங்க :-)) பெரியவர்தான் தடுத்தார். 10 எம்.எம். கண்ணாடி, காலித் தொட்டியே 50 கிலோ இருக்கும். வண்டி குழியில இறங்கி உள்ளே இருக்கிற கல்லு ஒரு பக்கமா சாஞ்சா, அடிக் கண்ணாடியும் மூலை சிலிக்கானும்தான் அடி வாங்கும். ஒட்டு விட்டா மேல பூசி சமாளிக்கவும் முடியாது. பழைய சிலிக்கான் மேல புதுசு சரியா பிடிக்காது.

கல்லை மூட்டை கட்டினோம். கீழே ப்ளைவுட், அது மேல தெர்மாகோல், அது மேல தொட்டி, நிமிர்ந்தபடியே. சுத்தி தலகாணி, போர்வை. கயிறு மட்டும் கண்ணாடி விளிம்பை இறுக்கக் கூடாதுன்னு நாலு தடவை சொன்னார். ஃபில்டர் பஞ்சைக் கழுவாம தொட்டித் தண்ணியிலயே போட்டு வாளியில எடுத்துக்கிட்டேன். அதுல இருக்கிற பாக்டீரியா செத்தா, கழிவுல வர்ற அமோனியாவே மீனைக் கொன்னுடும்.

ஆஸ்கர், மூடியில ஓட்டை போட்ட டிரம்முல, பேட்டரி ஏர் பம்ப்போட, என் ரெண்டு காலுக்கு நடுவுல. வண்டி கிளம்பும்போது பெரியவர் கீழே வரலை.

350 கிலோமீட்டர். வேலூர், கிருஷ்ணகிரி, ஓசூர்னு நிறுத்தின இடத்துலயெல்லாம் டார்ச் அடிச்சுப் பார்த்தேன். "கைக்குழந்தையா சார்?"னு டிரைவர் சிரிச்சார்.

வீட்டுக்கு வந்ததும் மீனைப் பெரிய டப்புக்கு மாத்தி, ஃபில்டரை அதுல ஓடவிட்டேன். தொட்டியை நிரப்பி, கசியுதான்னு ஒரு முழு நாள் பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை. திங்கட்கிழமை மீனை உள்ளே விட்டா, பக்கவாட்டுல சாஞ்சு அடியில படுத்துடுச்சு. போச்சுடா! கை நடுங்க போன் போட்டேன்.

"மூச்சு விடுதா?"

"விடுது சார்."

"கோவிச்சுட்டுப் படுத்திருக்கும். இடம் மாத்தினா அப்படித்தான் பண்ணும். லைட்டை அணைச்சுட்டுத் தனியா விடு."

வியாழக்கிழமை காலையில ஒரு உருண்டை முழுங்குச்சு. உடனே கூப்பிட்டுச் சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"கையில குடுத்தியா, தண்ணியில போட்டியா?"

"தண்ணியிலதான் சார்."

"ம்... கைக்கு வரக் கொஞ்ச நாளாகும்"னார்.