இருபத்திரண்டு சுற்று

கடற்கரையில் நடப்பதற்கென்று நமக்குச் சில பிடிவாதங்கள் உண்டு. கைபேசியை வீட்டிலேயே வைத்துவிடுவோம். கடிகாரத்தை மட்டும் மறவாமல் அணிவோம். கலங்கரை விளக்கத்தருகே பேருந்திலிருந்து இறங்கி, மெரினாவின் நடைபாதையில் வடக்கு நோக்கி அண்ணா நினைவிடம் வரை மெல்ல நடப்பது ஞாயிறு மாலைகளின் வழக்கம். உடல்நலம் கருதி நடப்போர் கைகளை வீசியபடி நம்மை முந்திச் செல்வர். முந்தட்டும்.

மணிக்கட்டில் இருப்பது எச்.எம்.டி. ஜனதா. வெண்முகம், பதினேழு கல், நாள்தோறும் சாவி கொடுக்க வேண்டிய பழைய வகை. ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து 1961இல் பெங்களூரில் கடிகாரம் செய்யத் தொடங்கிய எச்.எம்.டி.யின் கடிகாரப் பிரிவை மூட 2016இல் நடுவணரசு ஒப்புதல் தந்துவிட்டது. இனி உதிரிப் பாகத்துக்குப் பழைய கடைகளைத்தான் நம்பவேண்டும். சென்ற ஆண்டு பழுதுபார்க்கக் கொடுத்தபோது கடைக்காரர், “சார், உள்ள இருக்கறத தூக்கிட்டு பேட்டரி மிஷின் வெச்சிடலாம். சாவி குடுக்கற தொல்ல இருக்காது” என்றார். வேண்டாம் என்றோம். அவர் நம்மைப் பரிவோடு பார்த்தார்.

இரண்டு நாள் முள்ளைத் திருத்தாமல் விட்டால் ஏறத்தாழ ஒன்பது நிமிடம் பின்தங்கும். இதிலும் ஒரு வேடிக்கை. 1906இல் இந்தியப் பொதுநேரம் வருமுன் இருப்புப்பாதைகள் பின்பற்றிய மதராஸ் நேரம், இன்றைய நேரத்துக்கு அந்த ஒன்பது நிமிடமே பிந்தியது. ஆகவே நம் கடிகாரம் தவறு செய்வதில்லை, இந்நகரத்துச் சூரியனுக்கு உண்மையாக நடக்கிறது என்று வகுப்பில் சொல்லி மாணவரைச் சிரிக்கவைப்பதுண்டு.

மாசி மாத மாலை. நெய்தலுக்குரிய சிறுபொழுது எற்பாடு என்கிறது தொல்காப்பியம். ஞாயிறு படும் வேளை என்றே பெரும்பாலோர் பொருள் கொள்வர். எழும் வேளை என்பாரும் உளர். வங்கக் கரையில் நின்று பார்த்தால்தான் இந்த வழக்கின் சுவை புரியும். இங்கே ஞாயிறு கடலில் விழுவதில்லை. திருவல்லிக்கேணியின் வீடுகளுக்குப் பின்னால், முதுகுப்புறமாக இறங்கிவிடுகிறது. கடல் வெளிச்சத்தை இழப்பதைத்தான் பார்க்கிறோம், சூரியனை அன்று. நம் நிழல் நமக்கு முன்னே நீண்டு மணலில் கிடக்கிறது.

மாநிலக் கல்லூரிக்கு எதிரே வந்ததும் நின்றோம். அதன் குவிமாடத்தில் நாற்புறமும் முகங்கொண்ட கடிகாரம். அதனையும் கையிலுள்ளதையும் ஒத்துப்பார்ப்பது பழக்கம். இரண்டும் ஒத்த நாள் நினைவில் இல்லை. 1903 முதல் 1919 வரை உ.வே.சா. பணியாற்றிய கல்லூரி இது. அவர் 1889இல் பதிப்பித்த பத்துப்பாட்டில்தான் முல்லைப்பாட்டும், பாசறையில் நாழிகை வட்டிலின் நீரைப் பார்த்து அரசனுக்குப் பொழுது அறிவிக்கும் மாந்தரும் இருக்கின்றனர். இருபது ஆண்டுகளாக அப்பாட்டை நடத்துகிறோம். நாழிகை என்பது இருபத்து நான்கு நிமிடம், வட்டில் என்பது நீர்க் கடிகாரம் என்று ஒரு வரியில் முடித்து அடுத்த அடிக்குப் போய்விடுவோம். நள்ளிரவில் எழுந்து அந்த வட்டிலைக் கவனித்தவர் யாரென்று ஒருநாளும் கேட்டதில்லை.

கேட்கவைத்தது இந்தக் கடிகாரம். தந்தையார் 1978இல் போனஸ் பணத்தில் வாங்கியது. காலை ஆறு மணிக்கு இருபத்திரண்டு சுற்று, கூடவும் கூடாது, குறையவும் கூடாது. படுக்கையில் விழுந்த பிறகும் அதை விடவில்லை. கடைசி நாளன்று காலையில் கை நடுங்க, நடுவில் இளைப்பாறி, எண்ணிக்கை தப்பி, மீண்டும் முதலிலிருந்து எண்ணினார். மாலை நான்கு மணிக்குப் போய்விட்டார்.

மணிக்கட்டிலிருந்து கழற்றிய கடிகாரம் மேசைமேல் ஓடிக்கொண்டிருந்தது. மறுநாள் முற்பகலில் எரியூட்டிவிட்டுத் திரும்பி, நீராடி, ஈரத்துணியோடு வந்து பார்த்தபோதும் ஓடியது. அவர் விரல் கொடுத்த விசை அவரில்லாமல் நடந்துகொண்டிருந்தது. நம் கை தானாகவே அதன் திருகுக்குப் போயிற்று. அம்மா தடுத்தார்.

“நீ சாவி குடுக்காத. அவரு குடுத்தது எதுவரைக்கும் போகுதோ போகட்டும்.”

அன்றிரவு எட்டு மணி பத்து நிமிடத்துக்கு நின்றது. அம்மா காதில் வைத்துப் பார்த்துவிட்டு அலமாரியில் வைத்தார். அதுவரை அவர் அழுததை நாம் பார்க்கவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், காலை ஆறு மணிக்கு அடுக்களையிலிருந்து எண்ணும் குரல் கேட்டது. இருபத்திரண்டில் நிறுத்தி, முந்தானையால் துடைத்து, நம் கையில் கொடுத்தார். அணிவது நாம், சாவி கொடுப்பது இன்றுவரை அவர்தான்.

உழைப்பாளர் சிலையருகே சுண்டல் விற்கும் முதியவர், “மணி என்னா சார்?” என்றார். முள்ளைப் பார்த்து, ஒன்பதைக் கூட்டி, “ஆறு நாற்பது” என்றோம். “அவ்ளோதானா?” என்று தூக்கை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு அலையருகே இறங்கினார்.

வீடு சேர எட்டாகிவிட்டது. கழற்றி அலமாரியில் வைத்தோம். “இன்னிக்கு எவ்வளவு பின்னாடி போச்சு?” என்று உள்ளறையிலிருந்து அம்மா கேட்டார்.