சாமிக்குத் தேர்முட்டி இருக்கு, அப்பாவுக்கு?

பதிவு எழுதி ரொம்ப நாளாச்சு. ஆணி கொஞ்சம் அதிகம். இது அப்பாவோட முழங்காலைப் பத்தின பதிவு. நடுவுல அகமதாபாத் பஸ்ஸும் வரும், பொறுத்துக்குங்க மக்களே.

அப்பா நாப்பது வருஷம் குழித்தறியில பட்டு நெஞ்சவர். தரையோட தரையா உட்கார்ந்து, குழிக்குள்ள காலை விட்டு, மிதியை மாத்தி மாத்தி மிதிக்கணும். இப்ப ரெண்டு முட்டியும் போச்சு. சமதரையில நல்லாத்தான் நடப்பார், படின்னாதான் பயம். ஒருநாள் நம்மூர்ல பஸ் ஏறும்போது, ஒரு கால் படியில, இன்னொண்ணு ரோட்டுல... வண்டி நகர்ந்துடுச்சு. உள்ளங்கையில சிராய்ப்பு, அவ்வளவுதான். ஆனா அன்னையிலேர்ந்து பஸ்ஸே வேணாம்னுட்டார். சங்கம், காந்தி ரோடு சிநேகிதங்க எல்லாம் நின்னுபோச்சு. திண்ணையே கதி.

அந்த சமயத்துலதான் அகமதாபாத் மணிநகர்ல இருக்கற தங்கச்சி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனேன். அங்க 'ஜன்மார்க்'னு பிஆர்டிஎஸ் பஸ் 2009 அக்டோபர்லேர்ந்து ஓடுது. ரோட்டு நடுவுல பஸ்ஸுக்குன்னே தனிப்பாதை, ஸ்டேஷனும் நடுவுலயே. சரிவா ஏறி உள்ள போனா அங்கயே டிக்கெட். பஸ்ஸுக்கு வலதுபக்கமும் கதவு. முக்கியமான சமாச்சாரம், ஸ்டேஷன் மேடையும் பஸ்ஸோட தளமும் ஒரே உயரம், சுமார் 90 சென்டிமீட்டர்.

பஸ் வந்துச்சு. அப்பா பழக்கதோஷத்துல கம்பியைத் தேடிக் கையை நீட்டி, காலைத் தூக்கினார். தூக்கறதுக்கு அங்க ஒண்ணுமே இல்லை! நடந்து போய் சீட்ல உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் மெதுவா,

"இன்னாடா இது, தேர்முட்டியாட்டம் இருக்குது!"

தெரியாதவங்களுக்கு: தேர் நிக்கற இடத்துல உசரமா ஒரு கல்மேடை இருக்கும். சாமியை அதுமேல ஏத்தி, அங்கேர்ந்து நேரா தேர்ல எழுந்தருளப் பண்ணுவாங்க. பிரேசில்ல குரிடிபா ஊர்ல 1991ல கண்ணாடிக்குழாய் மாதிரி ஸ்டேஷன் கட்டி, பஸ் உசரத்துக்கே ஜனங்களை நிக்க வெச்சதை உலகமே பார்த்து வியந்துச்சு. நம்ம ஸ்தபதிங்க சாமிக்கு எப்பவோ செஞ்சு குடுத்துட்டாங்க. முட்டி போன மனுஷனுக்குத்தான் முட்டி கிடைக்கலை :-)

குறை இல்லாம இல்லை. நடு ஸ்டேஷனுக்குப் போக ஓடற வண்டிங்களைத் தாண்டணும், அப்பா என் கையை விடவே இல்லை. டிரைவர் ஒட்டி நிறுத்தலைன்னா இடைவெளி விழுது. டெல்லியில 2008ல திறந்த தனிப்பாதையை, கார்காரங்க எதிர்ப்பு, நெரிசல்னு 2016ல பேர்த்தே எடுத்துட்டாங்க.

காஞ்சிபுரத்துக்குத் தனிப்பாதை வேணும்னு நான் கேக்கலை. முகூர்த்த சீசன்ல காந்தி ரோட்டுல சேலை எடுக்க வர்ற கார்களுக்கே இடமில்லை. தாழ்தள பஸ் போதும். சென்னையில 2024லேர்ந்து ஓடுது, நின்னதும் ஒரு பக்கமா சாய்ஞ்சு குடுக்கும். என்ன, அதுவும் மேடையை ஒட்டி நின்னாதான் பிரயோஜனம். ஸ்டாப்பிங்க்ல ஆட்டோவும் பைக்கும் நின்னா, ஜனங்க நடுரோட்டுலேர்ந்துதான் ஏறணும்.

ஊருக்கு வந்ததும் அப்பா கேட்ட முதல் கேள்வி, "அந்த பஸ் இங்க எப்போ வரும்?" மழுப்பிட்டேன். நேத்து தானே ஆட்டோ வெச்சு சங்கத்துக்குப் போயிட்டு வந்தார். போகவர ஆன காசைச் சொல்லிச் சொல்லி இன்னும் மாய்ஞ்சு போறார்.