நடுவில் ஒரு சொல்

சில காலமாகப் பனிச்சரிவு அறிக்கைகளைப் படித்து வருகிறேன். வானிலிருந்து பனி கொட்டி நான் பார்த்ததில்லை. பனி என்றால் எனக்கு மார்கழிப் பனிதான். ஆனாலும் வங்கி குமாஸ்தாவுக்கு இந்த அறிக்கைகளில் ஈடுபாடு வருவது இயல்பு. வாராக்கடனுக்கு எங்களிடம் தரக்குறைவு, சந்தேகம், நஷ்டம் என்று படிகள் உண்டு. பனிமலையின் அபாயத்துக்கு ஐந்து படிகள். ஐரோப்பிய நாடுகள் 1993இல் ஒப்புக்கொண்டவை. வட அமெரிக்காவிலும் ஐந்துதான். குறைவு, மிதம், கணிசம், அதிகம், உச்சம் என்று தமிழ்ப்படுத்திக் கொள்கிறேன்.

சாவு அதிகம் நிகழ்வது ஐந்தாம் படியில் அல்ல, மூன்றாவதில். சுவிட்சர்லாந்தில் ஏறக்குறையப் பாதிச் சாவுகள் இந்தப் படியில். ஐந்தில் சாலைகளையே மூடிவிடுகிறார்கள்; மலைக்கு யாரும் போவதில்லை. மூன்றில் வானம் தெளிந்திருக்கலாம், புதுப்பனி ஆசை காட்டலாம். அபாயம் கண்ணில் படுவதில்லை.

படாததற்குக் காரணம், அது அடியில் இருப்பது. கொலராடோ மலைகளில் குளிர்காலத் தொடக்கத்துப் பனி மெல்லிசானது. தரை ஏறக்குறைய 0 டிகிரியில் இருக்க, மேலே காற்று கடுங்குளிர். கீழிருந்து ஆவி மேலேறும்போது பனித்துகள்கள் உருமாறி, சர்க்கரைபோல் ஒன்றோடொன்று ஒட்டாத மணிகளாகின்றன. பின்னால் வரும் புயல்கள் அதன்மேல் கனத்த பாளத்தை ஏற்றுகின்றன. 30 டிகிரிக்கு மேற்பட்ட சரிவில் ஓர் ஆளின் எடை போதும். அடியடுக்கு நொறுங்கி விரிசல் ஓடுகிறது. அடிவாரத்தில் நடப்பவர்கூட மேலே கிடக்கும் பாளத்தைத் தன்மேல் இழுத்துக்கொள்ள முடியும். பனிச்சறுக்குக்காக மலையேறுபவர்களைக் கொல்லும் சரிவுகளில் மிகப் பெரும்பாலானவை அவர்களோ உடன் வந்தவர்களோ கிளப்பியவை.

2013 ஏப்ரல் 20 அன்று, கொலராடோவின் லவ்லண்ட் கணவாய்க்கு அருகே ஷீப் க்ரீக்கில் ஆறு பேர் அகப்பட்டார்கள். ஐவர் இறந்தார்கள், ஒருவரை மட்டும் சில மணி நேரம் கழித்து உயிரோடு தோண்டி எடுத்தார்கள். அன்றைய படி மூன்று. அந்தச் சரிவு பொல்லாதது என்று அவர்களுக்குத் தெரியும். ஒருவருக்கொருவர் இடைவெளி விட்டு, அதன் கீழ்ப்பகுதியைக் கடந்து, பத்திரமான இடம் சேர நினைத்தார்கள். இடைவெளி போதவில்லை.

சொல் பொய் சொல்லவில்லை. நாள் தவறாமல் 'அதிகம்' என்று எழுதினால் அந்தச் சொல் சீக்கிரம் மதிப்பிழந்துவிடும். ஆனால் 'கணிசம்' என்பது போகாதே என்று சொல்வதில்லை. பார்த்துப் போ என்கிறது. எவ்வளவு பார்த்து என்பதைப் படிப்பவனே நிர்ணயிக்க வேண்டும். உச்சியில் உள்ள சொல் அவன் பொறுப்பைத் தான் ஏற்றுக்கொள்கிறது. நடுவில் உள்ள சொல் அதை அவனிடமே விட்டுவிடுகிறது.

நம் மதிப்புரைகளில் புழங்கும் 'குறிப்பிடத்தக்க' இதே ஜாதிச் சொல்தான். அதைப் படித்து யாரும் செத்ததில்லை. ஆகவே நமக்கு அதை யோசிக்காமல் எழுத முடிகிறது. மலை அறிக்கை எழுதுபவருக்கு அந்தச் சலுகை கிடையாது.