சொல் ஓய்ந்த பின்

பாடல் என்றதும் முதலில் சொல்லைத் தேடுவது இலக்கியம் பயில்வோரின் இயல்பு. சொல்லுக்குப் பொருள் உண்டு. அதனை ஆராயலாம், ஏற்கலாம், மறுக்கலாம். சொல் முடிந்தபின் நீண்டு செல்லும் வாத்திய இசையோ அத்தகைய ஆராய்ச்சிக்கு எளிதில் அகப்படுவதில்லை. ஆதலின் அது பாடலின் வெறும் வால் எனவும், கலைஞர் தம் விரல்வன்மையைக் காட்டுதற்கு எடுத்துக்கொண்ட உபரி நேரம் எனவும் கருதப்படுவதுண்டு. 1960களின் இறுதியிலும் 1970களிலும் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் தோன்றிய றொக் பாடல்கள் சிலவற்றை இறுதிவரை ஊன்றிக் கேட்போர்க்கு இக்கருத்து ஏற்புடையதாகாது. அவற்றில் பாடகன் வாய்மூடிய பின்னரே பாடல் தன் முழுமையை எய்துகின்றது.

இந்நீண்ட முடிவுகளுக்கு இடந்தந்தது தொழினுட்பம் என்பது உண்மையே. நிமிடத்துக்கு 45 முறை சுழலும் சிறிய இசைத்தட்டு, மூன்று நான்கு நிமிடப் பாடலுக்கே பெரும்பாலும் பயன்பட்டது. வானொலி நிலையங்களும் அவ்வளவையே விரும்பின. 1948இல் அறிமுகமான நெடுநேர இசைத்தட்டோ பக்கமொன்றுக்கு இருபது நிமிடங்களுக்கு மேல் இடமளித்தது. 1960களின் பிற்பகுதியில் அமெரிக்கப் பண்பலை வானொலி நிலையங்கள் பல, நெடுந்தட்டுகளிலிருந்து நீண்ட பாடல்களையும் ஒலிபரப்பத் தொடங்கின. ஆயினும் இடம் கிடைத்தமையால் மட்டும் கலை பிறந்துவிடுவதில்லை. அவ்விடம் எதற்குப் பயன்பட்டது என்பதே வினா.

‘டெரெக் அன்ட் த டொமினோஸ்’ குழுவினர் 1970இல் மயாமி நகரிற் பதிவுசெய்த ‘லைலா’ இவ்வினாவுக்கு நல்லதோர் விடை. பாரசீகக் கவிஞர் நிஸாமியின் லைலா-மஜ்னூன் காவியத்திலிருந்து பெயர்பெற்ற இப்பாடல், நண்பர் ஜோர்ஜ் ஹரிசனின் மனைவிமீது எரிக் கிளாப்ரன் கொண்டிருந்த காதலின் வேதனையிற் பிறந்தது. முற்பகுதி முழுவதும் இரத்தலே. குரல் கரகரத்துக் கதறுகின்றது. அக்கதறல் ஓய்ந்ததும் அமைதியான பியானோ இசை எழுகின்றது. மருந்துப் போத்தலை விரலில் மாட்டிக்கொண்டு கிற்றார் தந்திகளை வருடும் டுவான் ஓல்மனின் வாசிப்பு அதன்மேற் படர்கின்றது. சில வார இடைவெளியிற் பதிவான இரு பகுதிகளும் காந்த நாடாவில் இணைக்கப்பட்டன. ஏழு நிமிடங்களைச் சற்றுத் தாண்டும் பாடலில் ஏறத்தாழப் பாதி இப்பிற்பகுதியே. முற்பகுதியின் மன்றாட்டத்துக்கு லைலா விடை பகரவில்லை. பிற்பகுதியும் விடை பகர்வதில்லை; விடை கிடையாத ஒருவன் மேலும் வாழவேண்டியிருக்கும் காலத்தை அது ஒலியாக்குகின்றது. அதனைச் சொல்லிற் கூறியிருப்பின் அது ஆறுதல்மொழியாகத் தாழ்ந்திருக்கும்.

1971இல் சிறிய தட்டாக வெளிவந்தபோது இப்பகுதி வெட்டப்பட்டது. அத்தட்டு பெருவரவேற்பைப் பெறவில்லை. 1972இல் முழுப்பாடலும் வெளியானபோது இரு நாடுகளிலும் அது முதற் பத்து இடங்களுள் இடம்பெற்றது. பிற்பகுதியை வாலாகக் கருதும் மனப்பான்மைக்கு மற்றுமொரு விளைவும் உண்டு. அதன் ஆசிரியராகப் பதிவானவர் குழுவின் முரசு வாசிப்பாளர் ஜிம் கோர்டன். அம்மெட்டின் ஆக்கத்தில் தமக்கும் பங்குண்டென்று பாடகி றீற்றா கூலிட்ஜ் 2016இல் வெளிவந்த தம் சுயசரிதையில் எழுதினார். ஆனால் பாடலாசிரியர் வரிசையில் அவர் பெயர் இடம்பெறவில்லை. பாடற்சொற்களை யாத்தவர் யார் என்று கேட்போருட் பலர், சொல்லற்ற பகுதியை யாத்தவர் யார் என்று கேட்பதேயில்லை.

எல்லா முடிவுகளும் ஆற்றுப்படுத்துவன அல்ல. பீற்றில்ஸ் குழுவினரின் ‘அபி றோட்’ நெடுந்தட்டில் (1969) முதற் பக்கத்தின் இறுதியாக அமைந்த ‘ஐ வோன்ற் யூ’ மிகச் சில சொற்களாலேயே ஆனது. அச்சொற்களும் தீர்ந்தபின் ஒரே இசைத்தொடர் திரும்பத் திரும்ப ஒலிக்க, மின்னிசைக் கருவி எழுப்பும் காற்றிரைச்சல் அதனை மெல்ல மெல்ல மூடுகின்றது. ஜோன் லெனன் பணித்தவாறு ஒலிப்பதிவாளர் நாடாவை ஓரிடத்தில் வெட்டினார். இசை சட்டென அறுந்துபோகின்றது. ஆசைக்கு இயல்பான முடிவு இல்லை, அது அறுபடத்தான் வேண்டும் என்பதை அம்மௌனம் உணர்த்துகின்றது.

‘லினேட் ஸ்கினேட்’ குழுவினரின் ‘பிறீ பேர்ட்’ (1973) ஒன்பது நிமிடங்களுக்கு மேற்பட்டது. விடைபெற்றுச் செல்பவன் ஒருவனின் கூற்றாக அது மெதுவாகத் தொடங்குகின்றது. சொற்கள் முடிந்ததும் வேகம் பெருகி, அலன் கொலின்ஸின் கிற்றார் நான்கு நிமிடங்களுக்கு மேல் ஓய்வின்றி ஒலிக்கின்றது. இரவு விடுதிகளில் நெடுநேரம் பாடிக் களைத்த றொனி வான் சான்ற்றின் தொண்டைக்கு ஓய்வளிக்கவே இம்முடிவு நீட்டப்பட்டதெனக் குழுவினர் கூறியுள்ளனர். தேவையிற் பிறந்தது பாடலின் உயிராயிற்று: போகின்றேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவன் உண்மையிற் பறந்துபோவது அங்கேதான்.

1977 ஒக்டோபர் 20ஆம் நாள் நிகழ்ந்த விமான விபத்தில் வான் சான்ற் மாண்டார். 1987இல் எஞ்சியோர் மீண்டும் மேடையேறியபோது இப்பாடலை எவரையும் பாடவிடாது வாத்தியங்களால் மட்டுமே இசைத்தனர். சொற்களை அவையோர் பாடினர். அம்முடிவைத் தம் விரல்களால் ஆக்கிய கொலின்ஸோ 1986இல் நேர்ந்த வீதி விபத்தில் உடல் செயலிழந்து, வாசிக்க இயலாதவராயிருந்தார். பாடகனின் களைப்பைத் தாங்கப் பிறந்த இசை, அவனது இன்மையைத் தாங்கவும் வல்லதாயிற்று. தன்னை ஆக்கியவனின் விரல்கள் ஓய்ந்த பின்னரும் பிறர் கைகளில் ஒலித்தது.

நீளம் தானாகவே ஆழமாகிவிடாது. வித்தையைப் பறைசாற்றுவதற்காகவே நீட்டப்பட்ட முடிவுகளும் அக்காலத்தில் மலிந்திருந்தன. சொற்கள் விட்டுச்சென்ற கடமையை ஏற்று நிற்கின்றதா என்பதே உரைகல். இன்று கைத்தொலைபேசியில் விரலொன்றைத் தட்டி அடுத்த பாடலுக்குத் தாவுவது எளிது. சொல் முடிந்ததும் தாவுவோர் பலர். அவர்கள் பாடகன் சொன்னதைக் கேட்டவர்கள். சொல்ல முடியாமற் போனதைக் கேட்பதற்கு இன்னும் நான்கு நிமிடங்கள் இருக்கவேண்டும்.