மெயில் வந்தா மணி அடிக்குது

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க.

போன ஆடி மாசம் ஒரு வெள்ளிக்கிழமை. ஒரு அம்மா வந்து, "தம்பி, இன்னைக்கு எங்க வீட்டுக்காரர் பேர்ல அன்னதானம். மக சிங்கப்பூர்லேர்ந்து மெயில் போட்டுருச்சே"ன்னு கேட்டாங்க. பதிவுப் புத்தகத்துல வேற குடும்பத்தோட உபயம் இருந்துச்சு. அவங்க மெயில் நாலு நாளா திறக்காமலே கிடந்திருக்கு. அந்த வாரம் எனக்கு நைட் ஷிப்ட். நான்தான் பார்க்கல. "பரவால தம்பி"ன்னு சொல்லிட்டு, பந்தியில உட்காந்து சாப்பிட்டுட்டுப் போனாங்க. திட்டியிருந்தா கூட மனசு ஆறியிருக்கும்.

கோயில் சர்வரைப் பார்த்துக்கிற தம்பிகிட்ட சொன்னேன். முதல்ல கிரான்ல போட்டாரு. அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவ ஒரு ஸ்கிரிப்ட் போய் மெயில் வந்திருக்கான்னு பார்க்கும். நான் கேட்டேன், "எங்க ஃபேக்டரி லைன்ல பெட்டி வந்தா சென்சாரே சொல்லும். ஆள் போய் எட்டிப் பார்க்கிறதில்ல. அப்படி முடியாதா?"

முடியும்னாரு. எங்க சர்வர்ல மெயிலை வாங்கி வைக்கிறது போஸ்ட்ஃபிக்ஸ். உபயத்துக்குன்னு இருக்கிற கணக்கோட ஹோம் ஃபோல்டர்ல டாட் ஃபார்வர்ட்னு ஒரு ஃபைல். அதுல ஒரே வரி: ஒரு நெட்டுக்கோடு, பின்னால ஸ்கிரிப்ட் இருக்கிற இடம். மெயில் வந்த உடனே போஸ்ட்ஃபிக்ஸே அந்த ஸ்கிரிப்ட்டை எழுப்பி, முழு மெயிலையும் அது கையில கொடுத்துரும். ஸ்கிரிப்ட் பதிவேட்டுல ஒரு வரி எழுதிட்டு, எங்க தொண்டர் குழுவுக்குச் செய்தி அனுப்பும்.

முதல் வாரமே ஒரு கோளாறு. பதிவேடு ஃபைல் பூட்டியிருந்த நேரத்துல ஒரு மெயில் வந்துச்சு. ஸ்கிரிப்ட் பாதியில நின்னுடுச்சு. போஸ்ட்ஃபிக்ஸ் அதைத் தோல்வின்னு எடுத்துக்கிட்டு, பக்தருக்கே மெயிலைத் திருப்பி அனுப்பிருச்சு! மறுபடியும் தலைகுனிவு. அப்புறம்தான் தம்பி, சிக்கல் வந்தா 75ங்கிற எண்ணைச் சொல்லிட்டு முடியற மாதிரி மாத்துனாரு. 75ன்னா "இப்ப முடியல, அப்புறம் கொடு"ன்னு அர்த்தம். மெயில் வரிசையிலயே காத்திருக்கும், திரும்பத் திரும்ப முயற்சி நடக்கும். சாதாரணமா 5 நாள் வரைக்கும் தாங்கும்.

"தானா பதிலும் அனுப்பிடலாமா?"ன்னு கேட்டாரு. வேணாம்னுட்டேன். அந்தப் பக்கமும் தானா பதில் போடுற கணக்கா இருந்தா ரெண்டும் விடாம பேசிக்கிட்டே இருக்கும். அதைத் தடுக்க வழி இருக்காம். ஆனா பதில் மனுஷன் போடணும். மணி அடிக்கிற வேலைதான் மெஷினோடது, எழுந்து போறது நம்ம வேலை.

இந்த ஆடியில அந்த அம்மா பேர்லதான் முதல் வெள்ளி அன்னதானம். நானே ஃபோன் போட்டுச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவே இல்ல. அப்புறம், "வர்றேன் தம்பி"ன்னாங்க.

உபயம் எழுதுறவங்க பேர், நட்சத்திரம், தேதி, ஃபோன் நம்பர் மறக்காம போடுங்க. ரெண்டு நாள்ல பதில் வரலைன்னா நேர்ல வந்து என்னைக் கேளுங்க. கோவிச்சுக்க மாட்டேன்.

எல்லாருக்கும் அம்மன் அருள் கிடைக்கட்டும். 🙏