முழந்தாள் கற்பித்த பாடம்

யூபிலி மலருக்குக் கட்டுரையொன்று வேண்டுமென மலராசிரியர் பணித்தனர். கல்லூரி எமக்களித்த கல்வியைப் பற்றி எழுத வல்லார் பலருளர். யாம் எமது வலது முழந்தாளைப் பற்றி எழுதத் துணிந்தோம். இன்று மைதானத்தில் ஆடும் தம்பிமாருக்கு அது பயன்படலாம்.

1966ஆம் ஆண்டு, உதைபந்தாட்டப் பயிற்சியின்போது, விரைந்தோடி ஊன்றிய காலின்மேல் உடலைத் திருப்பினோம். முழந்தாளினுள் ‘டக்’ என்றோர் ஓசை எழுந்தது. மாலைக்குள் அது பனங்காய்போல் வீங்கிற்று. இரு வாரங்களில் இறுதியாட்டம். அணியினின்று நீக்கிவிடுவரே என்றஞ்சிப் பொறுப்பாசிரியருக்கு மறைத்தோம். வீட்டாரிடம் வழுக்கி வீழ்ந்ததாகப் பொய்யுரைத்தோம். நல்லெண்ணெய் தேய்த்து, துணியாற் கட்டி ஆடினோம். வெற்றி எமது அணிக்கே கிட்டிற்று. ஆயினும், ஆட்டத்தின் இடையே முழந்தாள் தானாக மடங்க, யாம் வீழ்ந்தோம். மடங்கிய கால் நீட்டவியலாதவாறு பூட்டிக்கொண்டது.

நிகழ்ந்தது யாதெனப் பின்னரே அறிந்தோம். தொடையென்பையும் கணைக்காலென்பையும் மூட்டினுள் பிணைக்கும் முன்குறுக்குநார் முதல் நாளிலேயே அறுந்துவிட்டது. அடிபட்ட சில மணி நேரத்துள் தோன்றும் பெருவீக்கம், மூட்டினுள் குருதி கசிந்தமையின் அடையாளமாகும். நார் அறுந்த முழந்தாளுடன் ஆடுவோன், என்புகளுக்கிடையே மெத்தைபோல் அமைந்த பிறைவடிவக் கசியிழையத்தையும் கிழித்துக்கொள்ளக்கூடும். கிழிந்த துண்டு இடையிற் சிக்கினால் மூட்டுப் பூட்டிக்கொள்ளும். எமக்கு நேர்ந்ததும் அதுவே.

அக்கால வழக்கப்படி, சத்திரவைத்தியர் அக்கசியிழையம் முழுவதையும் அகற்றினார். அதனை இழந்த மூட்டில் தேய்வின் குறிகள் தோன்றுதலைப் பிரித்தானிய வைத்தியர் பெயர்பாங்க் 1948இலேயே எடுத்துக்காட்டியிருந்தார். சிறு துளையூடு நோக்குக்கருவியைச் செலுத்தி, கிழிந்த பகுதியை மட்டும் நீக்கும் முறையை 1962இல் ஜப்பானிய வைத்தியர் வத்தனாபே செய்துகாட்டினார். அது எங்கும் பரவப் பல்லாண்டுகள் சென்றன.

இன்று வைத்தியர் முழந்தாளைச் சற்றே மடக்கி, கணைக்காலை முன்னிழுத்துப் பார்த்தே நாரின் நிலையைப் பெரிதும் உணர்வர், எம்.ஆர்.ஐ. படத்தால் உறுதிசெய்வர். சிலருக்குத் தசைப்பயிற்சியே போதும். சிலருக்கு, அவர்தம் உடலினின்றே தசைநாண் எடுத்துப் புதிய நாராகப் பொருத்துவர். கசியிழையத்தைத் தைக்க இயலுமாயின் தைப்பர். நார் பொருத்தியபின் ஒன்பது மாதமேனும் பொறுத்தே ஆடவேண்டும். முந்தி ஆடுவோர்க்கு அது மீண்டும் அறும் ஆபத்து மிகுதி.

எமது மூட்டோ தேய்ந்துவிட்டது. கோயில் மண்டபத்திற் சம்மணமிட்டிருக்கவியலாது, கதிரையில் அமர்கின்றோம். வலக்கால் நோவுக்கு இடக்கையிற் கோல் பிடிக்கின்றோம். நோவுள்ள காலுக்கு எதிர்க்கையிற் பிடிப்பதே முறை. நாடோறும் தொடைத்தசைகளுக்குப் பயிற்சி செய்கின்றோம். உடலெடையில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோரடியிலும் முழந்தாள் தாங்கும் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறையுமாதலின், உணவையுஞ் சுருக்கினோம். நோவு பொறுக்கவியலாதாயின், செயற்கை மூட்டுப் பொருத்தும் சத்திரசிகிச்சையும் உண்டு.

தம்பிமாரே, அன்று யாம் வீரமெனக் கருதியது அச்சமே. முழந்தாள் ஓசையிட்டு வீங்கினால், அன்றே ஆட்டத்தை நிறுத்துங்கள்; ஆசிரியரிடம் மெய்யுரையுங்கள்; வைத்தியரை நாடுங்கள். ஓராட்டம் போனால் மற்றோராட்டம் வரும்.

கல்லூரி அன்னை நீடு வாழ்க!