யோகோஹாமாவில் கப்பல் ஏறினேன்

கடல் தெரியும் வீட்டில் பிறந்து வளர்ந்தவள் நான். ஆனாலும் ஐம்பத்தெட்டு வயது வரை கப்பல் ஏறியதில்லை. எங்கள் ஊரில் கடலுக்குப் போவது ஆண்கள். பெண்கள் கரையில் நின்று பார்ப்பவர்கள். 2023ஆம் ஆண்டு ஜூன் மாதம், ஜப்பானில் வாகன வியாபாரம் செய்யும் மகனிடம் போயிருந்தபோதுதான் அந்த வாய்ப்புக் கிடைத்தது. "உம்மாவை ஒரு தரம் கப்பல்ல ஏத்திக் காட்டோணும்" என்று அவன் பிடிவாதமாக நின்றான். யோகோஹாமாவிலிருந்து கோபே துறைமுகம் வரை சென்று திரும்பும் மூன்று நாள் உல்லாசப் பிரயாணம். கடையை விட்டு வர முடியாது என்று இவர் ஊரிலேயே நின்றுவிட்டார். மகன், மருமகள், நான் என மூவர் புறப்பட்டோம்.

சாப்பாட்டைப் பற்றித்தான் எனக்கு முதற் கவலை. மகன் ஒரு மாதத்துக்கு முன்பே எழுதிக் கொடுத்திருந்தான். ஜப்பானில் பன்றி இறைச்சியை மட்டும் விலக்கினால் போதாது, சகோதரிகளே. 'மிரின்' என்றொரு இனிப்பான அரிசி மதுவை மீன் கறிக்கும் காய்கறிக்கும்கூட ஊற்றிவிடுகிறார்கள். பார்த்தால் தெரியாது. அதையும் சொல்லி வைத்ததால் எங்களுக்கு வேறாகச் சமைத்தார்கள்.

கப்பல் புறப்படும் இடத்துக்குப் பெயர் ஒசன்பாஷி. துறைமுக மேடை என்றால் கறள் பிடித்த இரும்பும் எண்ணெய் நாற்றமும்தான் என் நினைவு. இதுவோ பெரிய பூங்காவைப் போலிருந்தது. 2002இல் புதிதாகக் கட்டிய கட்டிடமாம். கூரை முழுவதும் பலகை விரித்து, நடுவே புல் வளர்த்து, அலைபோல ஏறி இறங்க அமைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் அதன்மேல் ஓடி விளையாடுகிறார்கள். பிரயாணிகளை வழியனுப்ப வந்தவர்கள் அங்கேயே உட்கார்ந்து சோற்றுப் பெட்டியைத் திறந்து சாப்பிடுகிறார்கள். நம்மவர்கள் விமான நிலையத்துக்கு வான் பிடித்துக் குடும்பத்தோடு போவது ஞாபகம் வந்தது.

உள்ளே போனதும் ஒரு படிவம் தந்தார்கள். மருமகள் வாசித்துச் சொன்னாள். காய்ச்சல் உண்டா? இருமல் உண்டா? கடந்த சில நாட்களில் வாந்தி, வயிற்றோட்டம் இருந்ததா?

எனக்கு நெஞ்சு திக்கென்றது. முதல் நாள் மகனின் கூட்டாளி வீட்டு விருந்தில் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளாமல், அன்று விடியற்காலை நாலு மணி வரை நாலைந்து தரம் எழும்பியிருந்தேன். பிறகு நின்றுவிட்டது. கஞ்சி குடித்துவிட்டு வந்திருந்தேன்.

"இல்லை எண்டு போடுவோமா மாமி? இப்ப சுகம்தானே?" என்றாள் மருமகள். மகன் ஒன்றும் பேசவில்லை. டிக்கட்டுக்கு அவன் கொடுத்த காசு எவ்வளவென்று எனக்குத் தெரியும்.

நான் தயங்குவதைக் கண்டு மருமகள் இன்னொன்றும் சொன்னாள். "சிங்கப்பூர்ல ஒரு முதியவர் இப்படி உண்மையைச் சொல்லப்போய் முழுக் கப்பலும் திரும்பினது தெரியும்தானே மாமி?"

அது உண்மைதான். 2020 டிசம்பரில் நடந்தது. எந்த நாட்டுக்கும் போகாமல் கடலில் சுற்றிவிட்டுத் திரும்பும் பிரயாணங்களை அப்போது சிங்கப்பூரில் தொடங்கியிருந்தார்கள். 'குவாண்டம் ஒப் த சீஸ்' என்ற கப்பலில் 1,680 பிரயாணிகள், 1,148 ஊழியர்கள். எல்லாப் பிரயாணிகளும் முன்பே பரிசோதனை செய்து, தொற்று இல்லை என்று உறுதியான பிறகு ஏறியவர்கள். எண்பது வயது கடந்த ஒருவர் வயிற்றோட்டம் என்று கப்பல் வைத்தியரிடம் போனார். வயிற்றுக்கு மருந்து கேட்டுப் போனவருக்குக் கொவிட் பரிசோதனையும் செய்தார்கள். தொற்று இருக்கிறது என்று வந்தது. நடு இரவு தாண்டி ஒலிபெருக்கியில் அறிவித்து, எல்லாரையும் அறைகளுக்குள் இருக்கச் சொல்லி, கப்பலைத் திருப்பினார்கள். கரையில் அவருக்கு மறுபடியும் பரிசோதனை செய்தபோது தொற்றே இல்லை! கப்பலில் வந்த முடிவுதான் பிழை.

அந்த முதியவர் என்ன பாடுபட்டிருப்பார் என்று நான் பல தடவை யோசித்ததுண்டு. அத்தனை பேரின் பிரயாணமும் தன்னால் கெட்டது என்று மனம் குமைந்திருப்பாரோ? ஆனால் அவர் செய்தது சரிதானே. வயிறு சரியில்லை என்றால் வைத்தியரிடம் போகாமல் வேறென்ன செய்வது?

"ஆம் எண்டு போடுங்க மகள்" என்றேன். பெரிய துணிச்சல் என்று நினைக்கவேண்டாம். பொய் எழுதிவிட்டு மூன்று நாள் நடுக்கடலில் பயந்து பயந்து இருக்க எனக்குத் தெம்பில்லை. அவ்வளவுதான்.

ஒரு தாதி வந்து என்னைத் திரை மறைத்த சிறிய அறைக்கு அழைத்துப் போனாள். மருமகளும் கூட வந்தாள். காய்ச்சல் இல்லை. எத்தனை தரம் போனது, கடைசியாக எத்தனை மணிக்கு என்று மணிக்கணக்காகக் கேட்டு எழுதினாள். பிறகு மூக்கினுள் பஞ்சுக் குச்சியை விட்டுச் சுழற்றி எடுத்தாள். பதினைந்து நிமிடம் இருக்கச் சொன்னாள்.

நான் கேட்ட முதற் கேள்வி, "எனக்கு நோய் இருக்குதா?" என்பதல்ல. "இருந்தால் என்னை எங்கே கொண்டுபோவீங்க? மகன் கூட வரலாமா?" என்றுதான் கேட்கச் சொன்னேன். தாதி சிரித்தாள். தொற்று இருந்தால் இறங்கவேண்டும், கூட வந்தவர்களும் உங்களோடு இறங்கலாம், வீட்டுக்குப் போகலாம் என்றாள். அதைக் கேட்டபின் பாதிப் பயம் போய்விட்டது.

அந்தப் பதினைந்து நிமிடமும் என் மனம் நின்றது அதே துறைமுகத்தில் 2020 பெப்ரவரியில் நின்ற 'டைமண்ட் பிரின்செஸ்' கப்பலில்தான். வாகனம் ஏற்றும் வேலையாகத் தைக்கொக்கு மேடைக்குப் போய்வந்த மகன் அந்த நாட்களில் அதைத் தூரத்திலிருந்து கண்டவன். வெள்ளை வெளேரென்று ஒரு கப்பல், கீழே வரிசையாக அம்புலன்ஸ் வண்டிகள் என்று அப்போது தொலைபேசியில் சொன்னான்.

ஜனவரி 20ஆம் திகதி யோகோஹாமாவிலிருந்து புறப்பட்ட கப்பல் அது. ஹொங்கொங்கில் இறங்கிய ஒரு பிரயாணிக்குத் தொற்று இருப்பது பெப்ரவரி 1ஆம் திகதி தெரியவந்தது. 3ஆம் திகதி இரவு கப்பல் யோகோஹாமாவுக்கு வந்தபோது அதில் 3,711 பேர் இருந்தார்கள். முதலில் வந்த 31 முடிவுகளில் 10 பேருக்குத் தொற்று. உடனே எல்லாரும் அறைக்குள் அடைபட்டார்கள். ஆளுக்கொரு உஷ்ணமானி கொடுத்து, காய்ச்சல் 37.5 பாகையைத் தாண்டினால் அறிவிக்கச் சொன்னார்கள். ஜன்னலில்லாத உள்ளறைக்காரர்களை முறைவைத்துத் தளத்தில் சிறிது நேரம் நடக்க விட்டார்கள்.

அப்போது அத்தனை பேருக்கும் ஒரேயடியாகப் பரிசோதனை செய்ய ஜப்பானில் வசதி போதவில்லை. காய்ச்சல்காரர், அவர்களோடு இருந்தவர், வயோதிபர் என்று வரிசைப்படுத்தினார்கள். எங்களையும் சோதியுங்கள் என்று கேட்டவர்கள் பலர். ஆனால் அதே பரிசோதனை வாசலில் வந்து நிற்கும்போது நடுங்கியவர்களும் அவர்களுக்குள்ளேயே இருந்திருப்பார்கள். காரணம் இதுதான்: கணவனுக்குத் தொற்று என்று வந்தால் அவரை அம்புலன்ஸில் ஏற்றி எங்கோ ஒரு வைத்தியசாலைக்குக் கொண்டுபோவார்கள். மனைவி அறையிலேயே இருக்கவேண்டும். அதுமட்டுமல்ல, அவளுடைய பதினான்கு நாள் கணக்கு அன்றிலிருந்து மறுபடியும் தொடங்கும். நாற்பது ஐம்பது வருடம் ஒன்றாக வாழ்ந்தவர்கள், பாஷை தெரியாத நாட்டில் பிரிந்து போனார்கள். கடைசிக் கணக்கில் தொற்றுக் கண்டவர்கள் 712 பேர். அவர்களில் 331 பேருக்குப் பரிசோதனை செய்த நேரத்தில் ஒரு நோயறிகுறியும் இருக்கவில்லை. நல்ல சுகமாகத் தேநீர் குடித்துக்கொண்டிருந்த மனிதரிடம் வந்து, "பையை எடுத்துக்கொண்டு புறப்படுங்கள்" என்றால் எப்படி இருக்கும்?

தொலைக்காட்சியில் இவற்றைப் பார்த்தபோது, "என்ன பிரயாணிகள் இவர்கள், சோதனைக்கு இவ்வளவு பயமா?" என்று பேசியவள்தான் நானும். பத்து மாதம் போவதற்குள் அந்தப் பயம் எங்கள் வீட்டுக்கே வந்தது.

அந்த வருடம் நவம்பரில் ராத்தாவுக்குக் கடும் காய்ச்சல், மூச்சு முட்டல். வைத்தியசாலைக்குப் போக மறுத்தாள். சுகாதார உத்தியோகத்தர் வீடு வீடாக வந்தபோது, எழும்பி முகம் கழுவி, சால்வையை ஒழுங்காகப் போட்டுக்கொண்டு வாசல் வரை வந்து, "தலையிடி மட்டும்தான்" என்றாள். உள்ளே போய்க் கட்டிலில் விழுந்தவள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது இதுதான்: "மவுத்தானால் மவுத்தாகட்டும். என்னை நெருப்புக்குக் குடுக்காதீங்க."

அந்த நாட்களை நமது வீடுகளுக்கு விளக்கத் தேவையில்லை. கொவிட் தொற்றோடு இறந்தவர்களை எரித்தே ஆகவேண்டும் என்று 2020 ஏப்ரலில் வர்த்தமானி வந்தது. அடக்கம் செய்வதால் ஆபத்தில்லை என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டலிலேயே இருந்தும் பத்து மாதத்துக்கு மேல் அது மாறவில்லை. 2021 பெப்ரவரி கடைசியில்தான் அடக்கத்துக்கு அனுமதி கிடைத்து, மார்ச்சில் ஓட்டமாவடியில் முதல் ஜனாஸாக்கள் மண்ணுக்குப் போயின. அரசாங்கம் மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது 2024 ஜூலையில்.

ராத்தா பயந்தது பரிசோதனைக்கல்ல, அதற்குப் பின்னால் வருவதற்கு. அல்ஹம்துலில்லாஹ், அவள் சுகமானாள். ஆனால் அவள் மறைத்ததால் அந்த வீட்டில் இன்னும் மூன்று பேர் காய்ச்சலில் விழுந்தார்கள். ஒருத்தி கர்ப்பிணி. இதை எழுதவேண்டாம் என்று ராத்தா சொல்லவில்லை. எழுது என்றுதான் சொன்னாள்.

மணி அடித்தது. தாதி பட்டியைக் கொண்டுவந்து காட்டினாள். ஒரே கோடு. தொற்றில்லை. ஆனாலும் வயிற்றுக் கோளாறு நின்று போதிய நேரம் ஆகவில்லை, அடுத்த நாள் காலை வரை அறையை விட்டு வெளியே வரவேண்டாம் என்றாள். நோரோ என்றொரு கிருமி கப்பல்களில் மிக வேகமாகப் பரவுமாம். கையில் தேய்க்கும் மதுசாரத் திரவம் அதற்குச் சரியாக வேலை செய்யாது, சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில்தான் கழுவவேண்டும் என்று இரண்டு தரம் சொன்னாள். இதை நமது வீடுகளிலும் நினைவில் வைக்கலாம்.

ஆகவே என் முதல் கப்பல் பிரயாணத்தின் முதல் நாளை ஒரு வட்ட ஜன்னல் வழியாகவே பார்த்தேன். மேலே தளத்தில் வாத்தியம் வாசிப்பது கேட்டது. மகனையும் மருமகளையும் மேலே போகச் சொல்லி விரட்டிவிட்டேன். கப்பல் மெதுவாக நகர்ந்து, 1989இல் திறந்த பெரிய பாலத்துக்குக் கீழே போனது. கடல்மட்டத்திலிருந்து 55 மீற்றர் உயரம் இருந்தும், மிகப் பெரிய கப்பல்கள் அதற்குள் நுழைய முடியாதாம். அவற்றுக்காகத்தான் பாலத்துக்கு வெளியே தைக்கொக்கு மேடையில் இடம் கட்டியிருக்கிறார்கள். என் அறை இடது பக்கம் இருந்ததால் அதை நன்றாகக் கண்டேன். ஏற்றுமதிக்குக் காத்திருந்த வாகனங்கள் வெயிலில் மினுங்கின. நமது தெருக்களில் ஓடுகிற பழைய ஜப்பான் கார்களில் சில இங்கேயிருந்து வந்தவையாக இருக்கலாம். அந்த வரிசைகளுக்குப் பக்கத்தில்தான் 3,711 பேர் காத்துக் கிடந்தார்கள் என்று நம்பவே முடியவில்லை. மேடையில் ஓர் ஆளைக்கூடக் காணவில்லை.

அஸர் தொழ நின்றபோது இன்னொரு வேடிக்கை. தொலைபேசியில் கிப்லா பார்த்து விரிப்பைப் போட்டேன். தொழுது முடித்துப் பார்த்தால் கப்பல் திரும்பிவிட்டது, கிப்லாவும் சுவரோடு சேர்ந்து நகர்ந்திருந்தது.

ஆறு மணிக்குக் கதவில் மூன்று தட்டு. திறந்தபோது ஆளில்லை, தட்டு மட்டும் இருந்தது. சோறும் மீனும் மூடிய கிண்ணத்தில் சூப்பும். அதைப் பார்த்ததும் மறுபடியும் டைமண்ட் பிரின்செஸ் நினைவுதான். அங்கே பிரயாணிகள் அறைகளுக்குள் இருக்க, அவர்களுக்கு மூன்று வேளையும் சாப்பாடு சுமந்து கதவு கதவாகத் தட்டியவர்கள் ஊழியர்கள். 1,045 பேர். அவர்கள் சிறிய அறைகளைப் பங்கிட்டுத் தூங்கினார்கள், ஒன்றாக உண்டார்கள். முதலில் தொற்று உறுதியான 20 ஊழியர்களில் 15 பேர் உணவுப் பகுதியைச் சேர்ந்தவர்கள். பரிசோதனை வரிசையில் பெரும்பாலான ஊழியர்களின் முறை கடைசியில்தான் வந்தது. இந்திய ஊழியர்கள் சிலர் தொலைபேசியில் படமெடுத்து, தங்களைக் காப்பாற்றும்படி தங்கள் அரசாங்கத்திடம் மன்றாடினார்கள். பெப்ரவரி 27ஆம் திகதி டில்லிக்கு அழைத்துப் போன விமானத்தில் இலங்கையரும் இருந்தனர்.

நமது வீடுகளிலும் இப்படித்தானே? எல்லாரும் காய்ச்சலில் படுத்திருக்க, கஞ்சி காய்ச்சி ஒவ்வொரு கட்டிலுக்கும் கொண்டு போகிறவளை யார் தொட்டுப் பார்க்கிறார்கள்?

காலை ஏழரைக்குத் தாதி தொலைபேசியில் அழைத்தாள். கதவைத் திறந்து வரலாம் என்றாள். தளத்துக்கு ஏறினேன். கோபே நகரமும் அதற்குப் பின்னால் பச்சை மலையும் அருகே வந்துகொண்டிருந்தன. மகனிடம், "எனக்குத் தட்டுக் கொண்டுவந்த பிள்ளைக்கும் சோதனை செய்றாங்களா எண்டு கேளு மகன்" என்றேன். "என்ன உம்மா இது, பிரயாணம் வந்த இடத்தில" என்று சலித்துக்கொண்டு போனவன் சிரித்துக்கொண்டு திரும்பி வந்தான். ஊழியர்கள் எல்லாரும் காலையில் காய்ச்சல் பார்த்துப் பதிந்த பிறகுதான் வேலைக்கு வருவார்களாம். வயிறு சரியில்லை என்றால் விடுப்பு, சம்பளம் வெட்டமாட்டார்களாம்.

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டுக் காலைச் சாப்பாட்டுக்கு இறங்கினோம்.